மேடம் தண்ணீர் குடிக்காத வீடுகள்

செல்வி, கதிர், நீங்கள் ரெண்டு பேரும் இதை உட்கார்ந்து வாசிக்கணும். அப்பா பத்தாவதோடு நின்றவன். எழுத்தில் தப்பு இருந்தால் செல்வி சிவப்பு மையில் சுழித்து வைக்கட்டும், ஆனால் வாசித்து முடித்த பொறவு.

போன மாசம் கதிர் ஒரு கேள்வி கேட்டான். இம்புட்டு வருஷம் டாக்சி ஓட்டுறியே, நீ எங்கயாவது டூர் போயிருக்கியா என்று. சவாரி போனதைக் கேட்கவில்லை, டூர் போனதைக் கேட்டான். இப்போது சொல்கிறேன். போயிருக்கிறேன். மூணு நாள், ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும். சிரிக்க வேண்டாம். பக்கத்து சீட்டில் ஒரு ஜப்பான்காரர் உட்கார்ந்திருந்தால் நம்ம ஊரே வெளியூர் மாதிரித்தான் இருக்கும்.

முதலில் மங்கையர்க்கரசி மேடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு அவர்களை, தீபாவளிக்குப் பேனா கொடுக்கிற மேடம் என்றுதான் தெரியும். ராஜபாளையத்துக்காரர்தான். கல்யாண வயசில் ஜப்பானுக்குப் படிக்கப் போனார்கள். அந்தப் பாஷையைக் கற்றுக்கொண்டு, அந்த நாட்டுப் பள்ளிக்கூடத்தையும் நம்ம நாட்டுப் பள்ளிக்கூடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, இதில் என்ன இருக்கிறது, அதில் என்ன இல்லை என்று பார்க்கிற படிப்பையும் படித்தார்கள். ஒப்பீட்டுக் கல்வி என்று அதற்குப் பேர். திரும்பி வந்து நம்ம பக்கத்துக் கல்லூரி ஒன்றில் வாத்தியார் வேலைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு அந்தப் பாடமும், மத்த பிள்ளைகளுக்கு ஜப்பான் பாஷையும் நடத்தினார்கள். ஆரம்பத்தில் அந்த வகுப்பில் நாலு பெஞ்சு காலியாகக் கிடக்குமாம். ஜப்பான் பாஷை படிச்சு இங்க யாருகிட்டப் பேசப் போறீக என்று மில்லுக்காரர்களே கேட்டிருக்கிறார்கள். இன்றைக்கு அந்த வகுப்பில் இருந்த பிள்ளைகள் சென்னையில் மொழிபெயர்க்கிறார்கள், ஜப்பான் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்க்கிறார்கள்.

அங்கிருந்து மேடம் ஒரு பழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். அந்த நாட்டில் வகுப்பு ஆரம்பித்ததும் வாத்தியார் ஒவ்வொரு பிள்ளை வீட்டுக்கும் நேரில் போய் வாசலில் நின்று பேசிவிட்டு வருவாராம். எல்லா வீட்டுக்கும் ஒரே அளவு நேரம், பத்து நிமிஷம். டீ, பலகாரம், தண்ணீர் எதுவும் வாங்கக் கூடாது. மேடம் இதை இங்கே அப்படியே செய்தார்கள். காலேஜ் பிள்ளைகள் வீட்டுக்கு இப்படிப் போகிற வாத்தியாரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. வருஷா வருஷம் அந்தச் சுற்றுக்கு வண்டி ஓட்டியது நான். ஸ்டாண்டில் சவாரி இல்லாமல் ஈ ஓட்டிய வருஷங்களிலும் மேடத்தின் சவாரி தப்பியதில்லை. அதனால்தான் செல்வி ஸ்கூல் பீஸ் ஒரு தடவையும் தள்ளிப் போகவில்லை.

எந்த வீட்டிலும் மேடம் ஒரு சொட்டு குடிக்க மாட்டார்கள். எனக்கு அந்த விதி எதுவும் கிடையாது. மேடத்துக்கு என்று கொண்டுவந்த மோர், சீனிச்சேவு, அதிரசம், கொய்யாப்பழம் எல்லாம் வண்டிக்கு வந்து சேரும். உங்கள் அம்மா என் சட்டைப் பொத்தானைத் தள்ளித் தள்ளித் தைத்ததற்குக் காரணம் இதுதான். மேடம் ஏன் குடிப்பதில்லை என்று ஆளுக்கொரு பேச்சு. சுகர் இருக்கும் என்பார்கள், விரதம் என்பார்கள், வயிறு சரியில்லை என்பார்கள். நானும் ரொம்ப நாள் சுகர் என்றுதான் நினைத்திருந்தேன்.

மேடம் ஓய்வு பெறுகிற வருஷம் வந்தது. கடைசிச் சுற்றைப் பார்க்க ஜப்பானிலிருந்து மொரிதா ஐயா வந்தார். மேடத்தோடு படித்தவர், தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். தைப் பொங்கல் முடிந்து, காலையில் இன்னும் பனி இருந்த சமயம்.

ஆனால் அந்த மூணு நாளும் மேடம் மனசில் இருந்தது ஒரே பிள்ளைதான். மகாராஜபுரத்து ஈஸ்வரி. மூணாம் வருஷம். ரெண்டாம் வருஷத்தில்தான் மேடம் வகுப்புக்கு வந்து சேர்ந்தாள். ஜப்பானில் ஒரு வருஷம் படிக்க அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் அங்கே உள்ள காலேஜே பார்த்துக்கொள்ளும். அந்த வாரக் கடைசிக்குள் வருகிறேன் என்று சொல்லணும், இல்லையென்றால் இடம் வேறு ஆளுக்குப் போய்விடும். அந்த நேரம் பார்த்து அவள் வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டாள். போனும் எடுக்கவில்லை. அவள் அப்பா முனியாண்டி தென்னை மரம் ஏறுகிறவர். வேலையாகக் கம்பம் பக்கம் போயிருக்கிறார், மூணாம் நாள்தான் வருவார் என்று அவள் தோழி சொன்னாள். அதனால் மகாராஜபுரத்தைக் கடைசி நாளுக்கு வைத்தோம்.

முதல் நாள் ராஜபாளையம். காலையில் டீக்கடையில் நிறுத்தினேன். டீ மாஸ்டர் மொரிதா ஐயாவைப் பார்த்ததும் இந்தியில் பேச ஆரம்பித்தார். வடகிழக்கு மாநிலத்துப் பையன்கள் மில் வேலைக்கு நிறைய வந்திருக்கிறார்கள் இல்லையா, அந்த நினைப்பு. எந்த மில்லு, எப்ப சேர்ந்தீரு, இந்த வயசுல நைட்டு ஷிப்டு பாக்கீரா என்று கேள்வி மேல் கேள்வி. மேடம் சிரிப்பை அடக்கிக்கொண்டு மொழிபெயர்த்தார்கள். மொரிதா ஐயா யோசித்து, வேலைக்குச் சேரத்தான் வந்தேன், இன்னும் யாரும் எடுக்கவில்லை என்றார். மாஸ்டர் டீக்குக் காசு வாங்கவில்லை.

அன்றைக்குப் போன முதல் வீட்டில் ஒரு கூத்து. மொரிதா ஐயாவுக்கு ஒரு பழக்கம். வாசலில் கிடக்கிற செருப்பையெல்லாம் குனிந்து, வெளியே போகும்போது கால் நுழைக்க வசதியாகத் திருப்பி வைப்பார். அந்த ஊரில் அது மரியாதையாம். இங்கே அவர் அந்த வீட்டு மனுஷரின் செருப்பை எடுத்ததும் அந்த மனுஷன் பதறிப்போய், ஐயா நீங்க போய் எஞ் செருப்பைத் தொடலாமா என்று பிடுங்கினார். இவர் விடவில்லை. ஆளுக்கொரு வார் பிடித்துக்கொண்டு நின்றார்கள். செருப்பு அறுந்தது. பத்து நிமிஷம் அதிலேயே போய்விட்டது, பிள்ளையின் படிப்பைப் பற்றி மேடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

சாயங்காலம் அய்யனார் கோவிலுக்குக் கூட்டிப்போனேன். மழை விட்டு நாளாகியும் ஆற்றில் தண்ணீர் ஓடியது. மொரிதா ஐயா பேன்ட்டை முழங்கால் வரைக்கும் சுருட்டிக்கொண்டு பாறையில் உட்கார்ந்தார். குரங்கு அவர் தொப்பியை எடுத்துப் போட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தது. மேடம் மட்டும் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஈஸ்வரி நம்பர் அணைத்து வைத்தபடிதான் இருந்தது.

ரெண்டாம் நாள் ஸ்ரீவில்லிபுத்தூர். கோபுரத்தைப் பார்த்துக் கழுத்து வலித்த பொறவு, கடையில் சுடச்சுட ஒரு இலையில் பால்கோவா வாங்கிக் கொடுத்தேன். மொரிதா ஐயா ஒரு வாய் வைத்துவிட்டு நீளமாக ஏதோ சொன்னார். மேடம் சுருக்கமாகச் சொன்னார்கள்: "பல் டாக்டரிடம் என்ன பதில் சொல்றதுன்னு தெரியலையாம். இன்னொண்ணு வேணுமாம்."

அங்கிருந்து சுந்தரபாண்டியம் போகிற வழியில் ரோட்டில் உளுந்துச் செடியைப் பரப்பியிருந்தார்கள். சக்கரம் ஏறினால் உளுந்து உதிரும் என்று நான் வழக்கம்போல ஏற்றினேன். மொரிதா ஐயா ஒரு சத்தம் போட்டு என் கையைப் பிடித்துவிட்டார். சாப்பிடுகிற பொருள் மேல் சக்கரம் ஏறலாமா என்று கேட்கிறார். வண்டியை ஓரத்தில் நிறுத்தி இறங்கி நின்றோம். விவசாயி ஓடிவந்தார். "ஏறிப் போங்கய்யா. அதுக்குத்தான போட்டிருக்கோம். பஸ்ஸு வேற இன்னைக்கு லேட்டு." மேடம் விளக்கியதும் மொரிதா ஐயா வண்டிக்குள் வந்து உட்கார்ந்தார். நான் முன்னும் பின்னுமாக நாலு தடவை ஏற்றிக் கொடுத்தேன். ஒவ்வொரு தடவையும் அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

சுந்தரபாண்டியத்து வீட்டில் இஞ்சி தட்டிப்போட்ட மோர் வந்தது. மேடம் கும்பிட்டு, வேண்டாம் என்றார்கள். மொரிதா ஐயாவும் அப்படியே கும்பிட்டார். ரெண்டு டம்ளரும் என்னிடம் வந்தது. பேசி முடித்து வெளியே வந்ததும் மேடம் முகத்தில் ஒரு திருப்தி. எல்லா வீடும் ஒண்ணுதான் பால்ராஜ், பெரிய வீட்டுல விருந்து சாப்பிட்டு சின்ன வீட்டுல தண்ணி குடிச்சா அது நியாயமில்லை என்றார்கள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. வாயில் மோர் இருந்ததால் தலையை மட்டும் ஆட்டினேன்.

மூணாம் நாள் மகாராஜபுரம். மலை பக்கத்தில் வந்து நிற்கிற ஊர். ரெண்டு பக்கமும் தென்னந்தோப்பு, வயலில் நெற்கதிர் பழுத்து நின்றது. ஈஸ்வரி வீட்டுச் சந்துக்குள் முன்னெல்லாம் வண்டி போகாது. போன வருஷம் நான் மெயின் ரோட்டிலேயே நின்றுவிட்டேன். இப்போது சிமெண்டு போட்டிருந்ததால் பக்கத்து முக்கு வரைக்கும் போக முடிந்தது.

முனியாண்டி வாசலில் நின்றார். வாங்க என்றார். நாற்காலி போடவில்லை, தண்ணீர் வேணுமா என்றும் கேட்கவில்லை. ஈஸ்வரி உள்ளே கதவோரம் நிற்பது தெரிந்தது, வெளியே வரவில்லை. மேடம் எல்லாம் எடுத்துச் சொன்னார்கள். எந்த ஊர், யார் கூட இருப்பாள், எப்போது திரும்பி வருவாள், நாளை மறுநாளுக்குள் ஏன் பதில் வேணும் என்று. அவர் எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டார்.

"அனுப்புததுக்குத் தோது இல்ல மேடம்," என்றார்.

ஏன் என்று கேட்டதற்கு, கல்யாணம் காட்சின்னு இருக்குல்லா என்றார். மாப்பிள்ளை பார்த்திருக்கிறீர்களா என்றால், இனிமேத்தான் பாக்கணும் என்றார். பத்து நிமிஷம் முடிந்தது. மேடம் கும்பிட்டுவிட்டுத் திரும்பினார்கள். வண்டிக்கு நடக்கும்போது மொரிதா ஐயா ஏதோ கேட்டார். இந்த ஒரு வீட்டில் மட்டும் ஏன் எதுவும் குடிக்கக் கொடுக்கவில்லை என்று கேட்கிறார், விதி தெரிந்தவர் போல என்று சொல்லிவிட்டேன் என்றார்கள் மேடம்.

வண்டியை எடுத்து அந்த முக்கு திரும்பக்கூட இல்லை, பானட்டுக்குள்ளிருந்து ஆவி. ரேடியேட்டரில் தண்ணீர் இல்லை. நான் பிளாஸ்டிக் கேனை எடுத்துக்கொண்டு பக்கத்தில் தெரிந்த வீட்டுக்கு, அதாவது முனியாண்டி வீட்டுக்கே, திரும்பப் போனேன். அவர் கேனை வாங்கவில்லை. ஒரு குடம் நிறையத் தண்ணீரைத் தோளில் தூக்கிக்கொண்டு என்கூட வர ஆரம்பித்தார். பாதி வழியில் சொன்னார்: "பரவால்ல. வண்டியாவது எங்க வீட்டுத் தண்ணியக் குடிக்குதே."

என்ன அண்ணாச்சி இப்படிச் சொல்லிட்டீங்க என்றேன்.

குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். போன வருஷம் மேடம் முதல் தடவை வந்தபோது அவர் சம்சாரம் பேச்சியம்மா செம்பைப் புளி போட்டுத் தேய்த்துத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டியிருக்கிறார். மேடம் கும்பிட்டு வேண்டாம் என்றார்கள். தெருவே பார்த்திருக்கிறது. மறுநாள் குழாயடியில் ஒருத்தி, டீச்சரம்மா உங்க வாசலோட போயிட்டாவளாமே என்று கேட்டிருக்கிறாள். அன்றிலிருந்து பேச்சியம்மா அந்தக் குழாய்க்கே போவதில்லை.

"நாங்க யாருன்னு உங்களுக்குத் தெரியும், அண்ணாச்சி. எங்க வீட்டுல தண்ணி வேண்டாம்னா அது என்னன்னு எங்களுக்கும் தெரியும். அதுக்குப் பொறவும் காலேஜுக்கு அனுப்பினேன். பக்கத்துல இருக்கு, சாயங்காலம் வீட்டுக்கு வந்துரும். இப்பக் கடல் தாண்டி அனுப்பச் சொல்லுதாவ. மாட்டேன்னு சொன்னதுக்கு இவ காலேஜுக்கே போகாம உக்காந்துட்டா. எங்க வீட்டுச் செம்பைத் தொடாதவிய கையில எம் புள்ளைய எப்படி ஒப்படைப்பேன்?"

நான் படபடவென்று சொன்னேன். மேடம் எந்த வீட்டிலும் குடிக்க மாட்டார்கள், மாடி வீட்டிலும் குடிக்க மாட்டார்கள், ராஜபாளையத்து மில் முதலாளி வீட்டுப் பிள்ளைக்குக்கூட இதே கும்பிடுதான், நான் கூடவே போகிறவன், கண்ணால் பார்த்திருக்கிறேன் என்று. முனியாண்டி பொறுமையாகக் கேட்டார்.

"அது உங்களுக்குத் தெரியும். இந்தத் தெருவுக்குத் தெரியுமா?"

குடத்தை வண்டிப் பக்கம் கொண்டுவந்து இறக்கிவிட்டு அவர் வீட்டுக்குத் திரும்பினார். நான் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவதை விட்டுவிட்டு, மேடத்திடம் சொன்னேன். கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். மேடம் வண்டிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு கால் உள்ளே ஒரு கால் வெளியே என்று உட்கார்ந்திருந்தார்கள்.

"இத்தனை வருஷமா ரெண்டு நாட்டையும் ஒப்பிட்டுப் பாடம் நடத்தியிருக்கேன் பால்ராஜ்," என்றார்கள்.

பொறவு மொரிதா ஐயாவுக்கு அந்தப் பாஷையில் சொன்னார்கள். அவர் முகம் சுருங்கிவிட்டது. எங்கள் ஊரில் இந்த விதி வந்ததே, கொடுக்க ஒன்றும் இல்லாத வீடு வெட்கப்படக் கூடாது என்றுதான், அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று மெதுவாகச் சொன்னாராம்.

மேடம் இறங்கி நடந்தார்கள். நாங்கள் பின்னால் போனோம். மத்தியானம் என்பதால் வேலைக்குப் போன ஆட்கள் சாப்பாட்டுக்குத் திரும்பியிருந்தார்கள், தெருவில் கூட்டம் இருந்தது. பேச்சியம்மா வாசலுக்கு வந்து நின்றார்.

"தண்ணி தாங்க, பேச்சியம்மா. போன வருஷம் வேண்டாம்னு சொன்னது என் தப்பு," என்றார்கள் மேடம். விதி, ஜப்பான் என்று எதையும் இழுக்கவில்லை.

பேச்சியம்மா உடனே அசையவில்லை. "அன்னைக்குச் செம்பு தேச்சு வச்சிருந்தேன். இன்னைக்குத் தேய்க்கல," என்றார்.

"தேய்க்காததுலயே குடுங்க."

செத்த நேரம் கழித்து செம்பு வந்தது. நம்ம ஊரில் அடுத்த வீட்டுச் செம்பை அண்ணாந்துதானே குடிப்போம். மேடம் வாசல்படியில் உட்கார்ந்து, செம்பில் வாய் வைத்துக் குடித்தார்கள். முழுசும் குடித்துவிட்டு இன்னொரு செம்பு கேட்டார்கள். எதிர்வீட்டு வாசலில் துணி உதறிக்கொண்டிருந்த பொம்பளை உதறுவதை நிறுத்தினாள். மொரிதா ஐயாவும் வாங்கி, மேடத்தைப் பார்த்தே வாய் வைத்துக் குடித்தார்.

பேச்சியம்மா அப்போதுதான் சிரித்தார். "வெறுந் தண்ணியோட போவிகளா? உலை வச்சிருதேன், இருங்க."

மொரிதா ஐயா கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். சுடுசோறும் முருங்கைக்கீரையும் கருவாட்டுக் குழம்பும். கருவாடு வாணலியில் விழுந்ததும் அவர் மூக்கைத் தூக்கி மோந்து பார்த்தார். எங்கள் வீட்டிலும் மீனை இப்படித்தான் காயப்போடுவோம், அம்மாவின் அடுப்பங்கரை வாசம் என்றார். இந்தியாவுக்கு வந்து இப்போதுதான் வயிறு நிறையச் சாப்பிடுகிறேன் என்றும் சொன்னார். பால்கோவா வாங்கிக் கொடுத்தவன் பக்கத்தில் இருக்கிறான் என்பதை அவர் மறந்துவிட்டார்.

பரிமாற ஈஸ்வரி வெளியே வந்தாள். மொரிதா ஐயா ஒரு கேள்வி கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டு ஜப்பான் பாஷையில் பதில் சொன்னாள். அப்புறம் இன்னொன்று, இன்னொன்று. குனிந்த தலை நிமிர்ந்துவிட்டது. முனியாண்டி சோற்றில் கை வைத்தபடி மகளையே பார்த்தார். தன் வீட்டுப் பிள்ளை வாயிலிருந்து இந்தப் பாஷை வருவதை அவர் அதுவரை கேட்டதே இல்லையாம்.

"என்ன பேசுதா?" என்று மேடத்தைக் கேட்டார்.

"குழம்புல எம்புட்டு உப்பு போட்டிருக்குன்னு பேசிக்கிடுதாங்க," என்றார்கள் மேடம். அன்றைக்குத்தான் மேடம் நம்ம ஊர்ப் பேச்சைப் பேசிக் கேட்டேன்.

சாப்பிட்டுக் கை கழுவிய பொறவு முனியாண்டி மொரிதா ஐயா முன்னால் உட்கார்ந்தார். மேடம், இதை அப்படியே அவுகளுக்குச் சொல்லணும் என்றார்.

"உங்க ஊருல ஒரு வீட்டுக்கு எம் மக போனா, உள்ள கூப்பிட்டுத் தண்ணி குடுப்பாகளா?"

மேடம் சொல்ல நேரம் எடுத்தது. மொரிதா ஐயா கேட்டுவிட்டு, முனியாண்டியைப் பார்த்தே பதில் சொன்னார். மேடம் மொழிபெயர்த்தார்கள்: "எல்லா வீட்டுக்கும் என்னால உறுதி சொல்ல முடியாது. எங்க ஊருலயும் மனுஷங்கதான் இருக்காங்க. என் வீட்டுல என் சம்சாரம் முதல்ல டீ குடுப்பா. உங்க மக வந்துட்டுப் போனான்னு நான் உங்களுக்குப் போன் பண்ணிச் சொல்றேன்."

முனியாண்டி யோசித்தார். எல்லா வீட்டிலும் கொடுப்பார்கள் என்று சொல்லியிருந்தால் அவர் நம்பியிருக்க மாட்டார் என்று எனக்குப் படுகிறது. மகளைத் திரும்பிப் பார்த்து, "அங்க குளிருமாம்லா, என்னட்டி போட்டுக்கிடுவ?" என்று கேட்டார். ஈஸ்வரி உள்ளே ஓடிவிட்டாள். பேச்சியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒரு தேங்காய்க் குலையை வண்டியில் ஏற்றச் சொன்னார்.

அன்றைக்குச் சாயங்காலமே மேடம் ஜப்பானுக்குப் பதில் அனுப்பினார்கள். பங்குனியில் ஈஸ்வரி கிளம்பினாள். மதுரை ஏர்போர்ட்டுக்கு நான்தான் வண்டி ஓட்டினேன். மொரிதா ஐயா சொன்னபடி முனியாண்டிக்குப் போன் பண்ணினார், ஈஸ்வரி பக்கத்தில் இருந்து தமிழில் எடுத்துச் சொன்னாளாம். ஈஸ்வரி அவர் வீட்டுக்குப் போய் டீ குடித்தாளாம், அவர் சம்சாரத்துக்குக் கருவாட்டுக் குழம்பு வைத்துக் காட்டினாளாம். மேடம் ஓய்வு பெற்றபோது நடந்த கூட்டத்தில் நிறைய பேர் நிறைய பேசினார்கள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எனக்கும் பேசணும் போல இருந்தது, எழுந்திருக்கக் கூச்சம். அதைத்தான் இப்போது உங்களுக்கு எழுதுகிறேன். என்னை முன் சீட்டில் வைத்துக்கொண்டே மேடம் எத்தனையோ வீட்டு வாசலைக் காட்டினார்கள். தப்பு என்று தெரிந்ததும் அந்த இடத்திலேயே வண்டியை விட்டு இறங்கி நடந்ததையும் காட்டினார்கள். அவர்கள் நல்லா இருக்கணும்.

இனி உங்களுக்குத் தெரியாத ஒன்று. போன வியாழக்கிழமை நீங்கள் டியூஷன் போயிருந்த நேரம், நான் கதிரின் ஸ்கூலுக்குப் போய் அவன் கிளாஸ் டீச்சரைப் பார்த்தேன். என்ன புகார் என்று அவர்கள் பயந்துவிட்டார்கள். புகார் ஒன்றும் இல்லை டீச்சர், ஒரு நாள் எங்க வீட்டுக்கு வரணும், பையனைப் பத்திச் செத்த நேரம் பேசணும், சாப்பிட்டுத்தான் போகணும் என்றேன். எந்தத் தெரு என்று கேட்டார்கள். சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றார்கள்.

வண்டியைத் தெருமுக்கில் நிறுத்திவிட்டு, டீச்சர் வருகிற மாதிரி நம்ம வாசல் வரைக்கும் ஒரு தடவை நடந்து பார்த்தேன். நம்ம வீட்டுக்கு முன்னால் சாக்கடை மேல் போட்ட கல் ஆடியது. அதை நெம்பித் தூக்கி, அடியில் ஓட்டுச்சில்லைச் சொருகினேன். ஏறி நின்றேன். ரெண்டு காலையும் மாற்றி மாற்றி மிதித்துப் பார்த்தேன். ஆடவில்லை.